பத்தாம் கட்டையிலிருந்து கடல்

ஊரிலிருந்து போன் செய்பவர்கள் வேறு என்ன பேசினாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வைப்பதில்லை. "சிங்கப்பூர் தீவுதானே? அப்ப உங்க வீட்டுக்கிட்டயே பீச் இருக்குமே!" நான் திருவான்மியூரில் வளர்ந்தவன் என்று தெரிந்தவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. "உனக்கென்னப்பா, இங்க இருந்தப்பவும் கடல், அங்க போயும் கடல்" என்று பெருமூச்சு வேறு விடுவார்கள்.

நான் இருப்பது புக்கிட் பாஞ்சாங்கில். சிங்கப்பூர் வரைபடத்தைக் கையில் கொடுத்து, கடலிலிருந்து ஒளிந்துகொள்ள ஓர் இடம் காட்டு என்றால் விரல் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கும். கிழக்கே காடு, மேற்கே சுவா சூ காங்கின் அடுக்குமாடிகள், தெற்கே புக்கிட் தீமா மலை. மலை என்றால் 163 மீட்டர். நம் ஊரில் அதற்குக் குன்று என்று பெயர் வைக்கக்கூட யோசிப்பார்கள். இந்த நாட்டில் அதைவிட உயரமான நிலம் இல்லை. எங்கள் பக்கத்தில் குரங்கு வரும், காட்டுப்பன்றி வரும், மழைக்கு முன்னால் காட்டின் ஈர வாசனை வரும். உப்புக்காற்று மட்டும் வராது.

இந்த வட்டாரத்துப் பழைய ஆட்கள் சிலர் இதை இன்னும் பத்தாம் கட்டை என்பார்கள். மைல் கல்லைத்தான் இங்கே கட்டை என்பது. தூரத்தையெல்லாம் தலைமை அஞ்சலகத்திலிருந்து அளந்தார்கள். அது இருந்த கட்டடம் இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல், சிங்கப்பூர் ஆறு கடலில் கலந்த இடத்தில். அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் பத்தாவது மைல் எங்கள் முச்சந்தி. ஆக, கடலோரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதையே இந்த ஊர் முகவரியாக வைத்துக்கொண்டிருந்தது. 1999 நவம்பரில் நாட்டின் முதல் எல்ஆர்டி இலகு ரயில் இங்கே ஓடத் தொடங்கியபோது ஒரு நிலையத்துக்கு டென் மைல் ஜங்ஷன் என்றே பெயரும் வைத்தார்கள். 2019 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள், போதிய ஆள் ஏறுவதில்லை என்று. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தன் பெயரிலேயே தூரத்தை ஒத்துக்கொண்ட நிலையம் அது.

திருவான்மியூரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் மணல் தொடங்கும். கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருப்பது என்றால் என்ன என்று வீட்டுத் தரகர்களைக் கேட்டால் அலைச்சத்தம், சூரியோதயம், ஆரோக்கியம் என்று அடுக்குவார்கள். அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். துருவில் ஆரம்பிப்பார்கள். ஜன்னல் கிரில், கதவுக் கீல், சைக்கிள் செயின், ஃப்ரிட்ஜின் கால், ஏசியின் வெளிப்பெட்டி, எல்லாவற்றையும் காற்று மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கும். சமையலறையில் உப்பு ஜாடி எப்போதும் கசிந்திருக்கும். பட்டுப்புடவையை வெளியில் உலர்த்தினால் அம்மா கத்துவாள். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வர ஆரம்பித்ததும் கொடியில் காயும் துணி ஒரு பக்கமாகச் சாயும். அதை வைத்தே மணி சொல்லிவிடலாம். மயிலாப்பூரில் இருக்கும் சித்தி வீட்டில் மே மாதம் வெந்துகொண்டிருக்கும்போது எங்கள் மொட்டைமாடியில் போர்வை கேட்கும்.

இதையெல்லாம்விட முக்கியம், நாங்கள் 'பீச்சுக்குப் போவது' என்பதே கிடையாது. அது வெளியூர்க்காரர்கள் செய்வது. ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு, சுண்டல் வாங்கி, குதிரைச் சவாரி செய்து, மாங்காய் பத்தை கடித்து, கால் நனைத்து, மணலை உதறிக்கொண்டு பஸ் ஏறுவது. எங்களுக்கு அது தெருவின் நீட்சி. கரண்ட் போனால் மொத்தத் தெருவும் அங்கே போய் உட்காரும். வீட்டில் சண்டை என்றால் ஒருவர் எழுந்து அங்கே போய்விடுவார், இன்னொருவர் பத்து நிமிடம் கழித்துத் தேடிப் போவார். ரிசல்ட் வரும் நாளில் நாங்கள் போவோம். அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லுங்கியோடு, சட்டைப்பையில் காசில்லாமல், சில நாள் செருப்புகூட இல்லாமல் போய்விட்டு வருவார். "எங்க போனீங்க?" என்றால் "சும்மா" என்பார். அந்தச் சும்மாதான் என்னைப் பொறுத்தவரை அளவு. மீட்டர் கணக்கெல்லாம் அப்புறம். ஒரு திட்டமும் போடாமல், எதையும் எடுத்துக்கொள்ளாமல், திரும்பும் நேரம் சொல்லாமல் கிளம்ப முடிந்தால் அது நடைதூரம். பாய், தண்ணி பாட்டில், மாற்றுத்துணி என்று பை தயாராகிற இடம் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது பிரயாணம்.

இதைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட முடியாது. எங்களுக்கு அது நடைதூரம், குப்பத்து மக்களுக்கு அது வாசல். திருவான்மியூர்க் குப்பத்திலும், வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பத்திலும், மெரினா ஓரத்து நொச்சிக்குப்பத்திலும் கடலைப் பார்ப்பவர்கள் காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் பார்ப்பார்கள், வேடிக்கை பார்க்க மாட்டார்கள். நாங்கள் காலையில் நடக்கப் போகும்போது அவர்களின் வேலைநாள் பாதி முடிந்திருக்கும். 2004 டிசம்பர் 26 காலையில் தண்ணீர் உள்ளே வந்தபோது படகும் வலையும் வீடும் போனது அவர்களுக்கு. நாங்கள் சில வாரம் மணல் பக்கம் போகாமல் இருந்தோம், அவ்வளவுதான். கடலோரத்தில் இருந்தவன் என்று நான் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் குப்பத்துப் பையன்கள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள் என்று தோன்றும்.

இன்னொரு விஷயம். நாம் என்னவோ கரையை ஆதிகாலத்திலிருந்து அப்படியே இருப்பதாக நினைக்கிறோம். மெரினாவின் அந்த அகலமான மணல், துறைமுகம் கட்டியதால் வந்தது. 1870களில் சென்னையில் கடலுக்குள் துறைமுகச் சுவர் எழும்ப ஆரம்பித்தது. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை அந்தச் சுவர் மறித்தது. மறித்த மணல் தெற்கே சேர்ந்தது, மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்றது, ராயபுரமும் திருவொற்றியூரும் அரிபட்டன. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அந்தக் கரைச் சாலைக்கு மெரினா என்று பேர் வைத்தார். சாலையிலிருந்து அலை வரைக்கும் இன்று நாம் மூச்சு வாங்க நடக்கிற நடையில் பெரும்பகுதி அந்தச் சுவரின் உபயம். வடசென்னையில் வீடு இழந்தவர்களின் தெரு அதற்கு நேர் மறுபக்கம்.

சென்னையில் கரை யாரும் திட்டமிடாமல் நகர்ந்தது. சிங்கப்பூரில் கோப்பு போட்டு நகர்த்துவார்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து என் தாய்மாமா வந்திருந்தார். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்து சில காலம் வேலை பார்த்தவர். பழைய தலைமுறைக்கு ரஜூலா என்றால் விளக்கமே தேவையில்லை. 1926இல் கட்டிய கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை மனிதர்களை ஏற்றி இறக்கியது. அதற்குப்பின் சிதம்பரம் கப்பல் வந்தது, அதுவும் 1985இல் தீ விபத்தோடு முடிந்தது. மாமாவுக்கு மெர்லயன் சிலை, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் எதிலும் ஆசையில்லை. "நம்மாளுங்க மொதமொதல்ல வந்து எறங்கின கடலக் காட்டுடா" என்றார்.

தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப் போனேன். வேறு எங்கே போவது? நாகூர் தர்காவின் சின்ன வடிவம் அங்கே இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது, நாகூர் ஷாகுல் ஹமீது பாதுஷாவின் நினைவாக. பக்கத்திலேயே அல் அப்ரார் பள்ளி, 1827இல் கூரைக் குடிசையாகத் தொடங்கியது. தமிழர்கள் அதைக் குச்சுப்பள்ளி என்றே சொல்லிவந்தார்கள். அதே தெருவில் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில், அது கடல் தெய்வம் மாசுவுக்கு. மூன்றும் ஒரே வரிசையில் இருப்பதற்குக் காரணம் லேசானது. அந்தத் தெருதான் கரை. மாதக்கணக்கில் கடலில் ஆடி வந்தவர்கள் காலை மண்ணில் வைத்ததும் நேராகப் போய்க் கும்பிட ஓர் இடம் வேண்டியிருந்தது.

மாமா தர்காவைப் பார்த்து மலர்ந்துபோனார். நாகப்பட்டினத்துக்காரர்கள் எந்த மதமானாலும் கந்தூரிக்கு நாகூர் போகாமல் இருப்பதில்லை. அங்கே உள்ள உயரமான மினாரை தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தார் என்ற கதையை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். முடித்ததும் சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் அலுவலகக் கோபுரங்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு விரையும் கூட்டம்.

"கடல் எங்கடா?"

"நீங்க நிக்கிற எடத்துக்கு எதிர்ல இருந்துச்சு மாமா."

"இருந்துச்சுன்னா?"

"தள்ளி வச்சுட்டாங்க."

"கடலையுமா?"

1880களில் அந்தக் கரையைத் தூர்த்துவிட்டார்கள் என்றேன். பிறகும் நிற்கவில்லை. 1960களில் 581 சதுர கிலோமீட்டர் இருந்த நாடு இன்று 730க்கு மேல். மாமாவுக்கு அது எரிச்சலாக இருந்ததா, பிரமிப்பாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. சரி, தண்ணீரையாவது காட்டு என்றார். நடந்தே மரினா பே வரை போனோம். அங்கே தண்ணீர் பளபளத்தது. மெர்லயன் பக்கத்தில் படி இறங்கிப் போனவரிடம், "அது உப்பா இருக்காது மாமா" என்றேன். 2008இல் மரினா அணைக்கட்டு திறந்தபின் அந்த விரிகுடா மெல்ல நன்னீராகிவிட்டது. சுற்றுலாப் பயணிகள் கடல் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் அந்தத் தண்ணீர் குடிநீருக்குச் சேமித்து வைத்திருப்பது.

"கடலப் பாக்க வந்தவனுக்கு ஏரியக் காட்டுறியே" என்றார் மாமா. அந்த வாக்கியத்தை ஊருக்குப் போய் எத்தனை பேரிடம் சொன்னாரோ.

என் மனைவிக்கு மரீன் பரேடில் வீடு வாங்க வேண்டும் என்று ஆசை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், கடலே பார்க்காமல் வளர்ந்தவள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த ஆசை அதிகம். "என்னங்க, நடந்தே பீச்சுக்குப் போயிடலாம்" என்று மறுவிற்பனை விளம்பரங்களை போனில் காட்டுவாள். விலையைப் பார்த்ததும் நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்த மரீன் பரேடும் முழுக்க முழுக்கத் தூர்த்த நிலம்தான். 1966இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கிழக்குக் கரையைத் தூர்க்க ஆரம்பித்தது, கட்டம் கட்டமாக 1980கள் வரை நடந்தது. மண் எங்கிருந்து? பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி எடுத்தார்கள். குன்றை எடுத்துக் கடலில் போட்டு, அதன்மேல் 1970களில் அடுக்குமாடி கட்டி, சாதாரண ஜனங்களைக் கடலுக்குப் பக்கத்தில் குடிவைத்தார்கள். இதில் எனக்குக் குறைசொல்ல மனமில்லை. எந்த ஊரிலும் கடலோரம் பணக்காரர்களுக்கே போகும். இங்கே அரசாங்க வீட்டுக்காரனுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

ஆனால் முன்பு கரையோரமாக இருந்த காத்தோங் வட்டாரத்துப் பழைய ஆட்களின் கொல்லைப்புறத்துக் கடல் போனது. சிலோன் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். 1850களில் ஒரு குளக்கரைச் செண்பக மரத்தடியில் தொடங்கிய கோயில், இலங்கைத் தமிழர்கள் வளர்த்தது. ஒரு காலத்தில் கோயிலிலிருந்து இறங்கி நடந்தால் சீக்கிரமே அலை. இன்று கடைகள், மரீன் பரேட் சாலை, அடுக்குமாடிகள், பிறகு விரைவுச்சாலை என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். விரைவுச்சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை. அதில் நுழைந்து மறுபக்கம் ஏறினால்தான் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்.

நாங்கள் போவதில்லையா என்றால், போவோம். டவுன்டவுன் ரயில் பாதையில் ஏறி, ஸ்டீவன்ஸில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மாறி, 2024 ஜூனில் திறந்த மரீன் பரேட் நிலையத்தில் இறங்கலாம். முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் வீட்டிலிருந்து மணலைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதற்கு முன்னால் புளியோதரை கட்ட வேண்டும், சன்ஸ்கிரீன் தேட வேண்டும், மகளின் மாற்றுத்துணி, வாளி, மண்வெட்டி, மழை வருமா என்று செயலியில் பார்ப்பது. போய்ச் சேர்ந்தால் கூடாரங்கள், சைக்கிள்கள், முன்பதிவு செய்த பார்பிக்யூ அடுப்புகளின் புகை. எதிரே கடலைப் பார்த்தால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள்தான் முதலில் தெரியும், வரிசையாக, அடிவானத்தையே மறைத்துக்கொண்டு. தெற்கே ரியாவ் தீவுகள் அணைத்து நிற்பதால் அலையும் பெரிதாக வராது. வங்காள விரிகுடாவில் கால் வைத்துப் பழகியவனுக்கு, யாரோ வாளியிலிருந்து தண்ணீரை மெதுவாகக் கொட்டுகிற அளவுக்குத்தான் அது. மகளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குக் கப்பல் எண்ணப் பிடிக்கும்.

மனைவியின் மரீன் பரேட் ஆசைக்கு நான் வைத்திருக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. 2023 நவம்பரில் அரசாங்கம் 'லாங் ஐலண்ட்' திட்டத்தைப் பற்றி விரிவாகச் சொன்னது. கடல்மட்டம் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்பது சிங்கப்பூரின் கணிப்பு. கிழக்குக் கரை தாழ்வான பகுதி. அதனால் அதற்கு முன்னால் கடலில் சுமார் 800 ஹெக்டேர் புதுநிலம் உருவாக்கி, அதையே தடுப்பாகவும் வைத்து, நடுவில் மாட்டும் தண்ணீரை நீர்த்தேக்கமாக்கிவிடுவது யோசனை. காரணம் நியாயமானது, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்று லட்சங்கள் கொட்டிக் கடல்பார்வை வீடு வாங்குகிறவன் வயதாகி பால்கனியில் வந்து உட்காரும்போது எதிரே இருப்பது ஏரி. "மாமா சொன்னது உனக்கும் நடக்கும்" என்றேன். அவள் முறைத்தாள். இதில் எனக்கு உள்ளூர ஒரு குரூர மகிழ்ச்சி இருப்பதை மறைக்கவில்லை.

சரி, பத்தாம் கட்டைக்காரனுக்கு நடந்து போகக் கடலே இல்லையா?

இருக்கிறது. தெற்கே பார்த்துப் பார்த்து வடக்கை மறந்துவிடுகிறோம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் காரிடார் போகிறது. மலாயா ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய பழைய பாதை, ஏறக்குறைய 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனது. மலேசியாவின் ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதையாக்கினார்கள். அதில் தெற்கே திரும்பினால் ரயில் மால், புக்கிட் தீமா, கூட்டம், கைபேசிப் படங்கள். வடக்கே திரும்பினால் ஆள் குறைவு. ஒரு பக்கம் உட்லண்ட்ஸ் சாலையின் லாரிச் சத்தம், இன்னொரு பக்கம் புல், வாழை, யாரோ எப்போதோ வைத்த பப்பாளி. தச்சுப் பட்டறைகளும் கிடங்குகளுமான சுங்கை காடுட்டைக் கடந்தால் கிராஞ்சி. அங்கிருந்து கிராஞ்சி வே வழியாக அணைக்கட்டு. மொத்தம் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் தண்ணீரைப் பார்த்துவிடலாம்.

இந்தத் தூரத்தை எனக்கு முன்னால் எதிர்த்திசையில் நடந்தவர்கள் உண்டு. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர்கள் சரிம்புன் கரையில் இறங்கினார்கள். மறுநாள் இரவு கிராஞ்சியில். கிராஞ்சியில் ஆஸ்திரேலியர்கள் எண்ணெய்க் கிடங்கைத் திறந்துவிட்டு நீர்மேல் தீ வைத்துத் தடுக்கப் பார்த்தார்கள். அதையும் மீறி வந்துவிட்டார்கள். 10ஆம் தேதி இரவு டாங்கிகளோடு புக்கிட் பாஞ்சாங் கிராமத்தைத் தாண்டினார்கள், 11ஆம் தேதி புக்கிட் தீமா விழுந்தது, 15ஆம் தேதி மாலை அப்பர் புக்கிட் தீமா சாலை ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். அந்தத் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம், எங்கள் வீட்டிலிருந்து சில பஸ் நிறுத்தம்தான். கோட்டையும் பீரங்கியும் பெரும்பாலும் தெற்குக் கடலைக் காக்க நின்றுகொண்டிருந்தபோது வடக்குக் கடலிலிருந்து இந்தப் பக்கமாகத்தான் வந்தார்கள். தீவின் உள்ளே இருப்பதால் பத்திரம் என்று எங்கள் பத்தாம் கட்டைக் கிராமத்தார் நினைத்திருந்தால் அது மூன்று ராத்திரிக்குக்கூடத் தாங்கவில்லை.

போகிற வழியில் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குள் ஒரு முறையாவது ஏறிவிட்டுப் போங்கள். மேட்டின்மேல் உள்ள தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், கல்லறை கிடைக்காதவர்கள். இந்தியப் பெயர்கள் பத்தி பத்தியாக வரும். பின்னால் தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்குத் தனி நினைவுச் சின்னம், பெரும்பாலும் இந்தியப் படையினர். எங்கிருந்தோ கடல் கடந்து வந்தவர்கள், அவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது இந்த மேடு. அதைத் தாண்டி இருக்கும் குதிரைப் பந்தய மைதானமும் 2024 அக்டோபரோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டது. பந்தய நாட்களில் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் நெரிசல் தாங்காது. இப்போது அந்தப் பக்கம் காற்று வாங்குகிறது.

அணைக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் 1975இல் கிராஞ்சி ஆற்றை மறித்து உண்டாக்கிய நீர்த்தேக்கம், மறுபக்கம் ஜொகூர் நீரிணை. கடற்கரை என்று நீங்கள் நினைக்கிற எதுவும் அங்கே இல்லை. மணல் இல்லை, சுண்டல் இல்லை. கற்சரிவு, சதுப்புச் செடிகள், சேறு. முதலை உண்டு, ஜாக்கிரதை என்று பலகை. பக்கத்து சுங்கை பூலோவில் உப்புநீர் முதலைகள் இருப்பதால் அது விளையாட்டுப் பலகை அல்ல. எதிரே ஜொகூரின் கட்டடங்கள், கத்திக் கூப்பிட்டால் கேட்கும்போல அவ்வளவு கிட்டே. கிழக்கே உட்லண்ட்ஸ் பாலம். 1924இல் திறந்து வைத்த அது பாலமே அல்ல, கடலில் கல்லைக் கொட்டிக் கட்டிய கரை. அதனால் நீரோட்டம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வழியில்லை. தண்ணீர் அப்படியே நிற்கிறது, பழுப்பாக. ஏற்றவற்றம் மட்டும் கல்லில் ஈரக்கோடு போட்டுவிட்டுப் போகும்.

அங்கே தூண்டில் போடும் ஒரு பெரியவரோடு பழக்கமாகிவிட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்தவராம். தமிழர்களும் மலையாளிகளும் நிறைந்து கிடந்த இடம் அது. பிரிட்டிஷார் 1938இல் திறந்த தளம், 1971இல் விட்டுப்போனார்கள்.

"அப்ப வீட்டுக்குப் பின்னாடியே கடல் இருந்திருக்குமே, அண்ணே?" என்றேன்.

"இருந்துச்சு தம்பி. ஆனா வேலி. அது வெள்ளக்காரன் கப்பல் நிக்கிற கடல், நம்ம கடல் இல்ல. குளிக்கணும்னா செம்பவாங் ரோட்டுக் கடைசியில ஒரு துண்டு மணல் இருக்கு பாருங்க, அங்கதான் ஓடுவோம். அப்பாவுக்குத் தெரிஞ்சா அடி."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஈசூன். இங்க வர பஸ்ஸு மாறணும். பரவால்ல, வேலி இல்லயே."

மீன் கிடைக்கிறதா என்று அவரை நான் கேட்பதில்லை. என் மகளைக் கூட்டி வரச் சொல்கிறார். அவளுக்கு இந்தக் கடல் சுத்தமாகப் பிடிக்கவில்லை, "ஸ்மெல்லா இருக்குப்பா" என்கிறாள். எனக்கு அந்தச் சேற்று வாடைதான் பிடித்திருக்கிறது. கிழக்குக் கரையில் புல் வெட்டிய வாசனையும் பார்பிக்யூ வாசனையும் வரும், உப்பும் அழுகலும் கலந்த கடல் வாசனை இங்கே மட்டும்தான். திருவான்மியூரில் வலை காயும் இடத்தில் வருமே, அதற்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம். இதைத் தவிர அங்கே போவதற்கு உருப்படியான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. பாய் இல்லை, புளியோதரை இல்லை, மனைவி மகள் வருவதில்லை. ஒரு தண்ணி பாட்டிலும் எம்ஆர்டி அட்டையும் போதும். "எங்க போறீங்க?" என்று மனைவி தூக்கத்தில் கேட்டால் "சும்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இரண்டரை மணி நேர நடையைச் சும்மா என்பது கொஞ்சம் அதிகம்தான்.

புக்கிட் பாஞ்சாங், சுவா சூ காங், உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கும் வாசகர்கள் யாராவது வருவதானால் சொல்லுங்கள். சில நடைமுறை விஷயங்கள்: ஹில்லியன் மாலுக்கு எதிரே காரிடாரில் ஏறுமுன் தண்ணீர் வாங்கிவிடுங்கள், கிராஞ்சி நிலையத்தைத் தாண்டினால் கடை கிடையாது. மழை பெய்த மறுநாள் வேண்டாம், சில இடங்களில் சேறு கணுக்கால் வரை வரும். நல்ல காலணி போடுங்கள், செருப்பில் வந்து என்னைத் திட்டாதீர்கள். திரும்பும்போது யாரும் நடக்க வேண்டாம், நானும் நடப்பதில்லை. கிராஞ்சியிலிருந்து 170ஆம் எண் பஸ் எங்கள் ஊர் வழியாகவே போகும். பசிக்கிறவர்கள் புக்கிட் பாஞ்சாங்கில் டவுன்டவுன் ரயிலுக்கு மாறி நேராக லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். ஒன்பதரைக்குள் போய்விட்டால் கோமள விலாஸில் உட்கார இடம் கிடைக்கும். முதலையைப் படம் பிடிக்க நிற்கிறவர்களுக்காக நான் காத்திருக்க மாட்டேன்.